கரண்ட் போனதும் காணாமற்போகும் கோப்புகள்: கணினி கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பாமசியில் லினக்ஸ் கணினி. ஒவ்வொரு பில்லும் தனிக் கோப்பாகச் சேமிக்கப்படும். வாடைக்காற்று தொடங்கினால் கரண்ட் அடிக்கடி போய் வரும். போன கிழமை அப்படி நின்று வந்தபோது கடைசிப் பில்கள் சிலவற்றுக்குப் பெயர் மட்டும் இருந்தது, அளவு பூச்சியம். "எக்ஸ்ட்4இல் ஜர்னல் இருக்கு, ஒன்றும் அழியாது" என்றுதான் கணினி பூட்டித் தந்தவர் சொன்னார். ஏன் இப்படி ஆனது?
– வாசகர், உப்புவெளி

பதில்: எக்ஸ்ட்4 என்பது லினக்ஸ் வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறைமை. ஜர்னல் என்பது, செய்யப்போகும் மாற்றங்களை அது முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு. அந்த ஜர்னல் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. அது காப்பது கோப்பு முறைமையின் கட்டமைப்பை. பில்லில் எழுதியிருந்த மருந்துப் பெயர்களும் தொகையும் அதன் பொறுப்பில் இல்லை.

புதுக் கோப்பு ஒன்றை உருவாக்கும்போது வட்டில் பல இடங்கள் மாறவேண்டும். அடைவில் (ஃபோல்டரில்) பெயர் சேரவேண்டும், கோப்பின் விவரங்களை வைத்திருக்கும் ஐநோடில் அளவும் நேரமும் பதியவேண்டும், வட்டின் எந்தத் தொகுதிகள் (சிறு துண்டுகள்) காலி என்ற வரைபடம் திருத்தப்படவேண்டும். பாதி எழுதிய நிலையில் மின்சாரம் நின்றால் ஒரே தொகுதிக்கு இரண்டு கோப்புகள் உரிமை கோரும் நிலைகூட வரும். அதனால் எக்ஸ்ட்4 இந்த மாற்றங்களைச் சொந்த இடத்தில் எழுதுமுன் ஜர்னலில் எழுதுகிறது. முதலில் ஒரு விவரத் தொகுதி: பின்னால் வருபவை வட்டின் எந்தெந்த இடத்துக்கு உரியவை என்ற பட்டியல் அதில் இருக்கும். அடுத்து மாறிய தொகுதிகளின் முழுப் பிரதிகள். கடைசியாக, இந்த மாற்றத் தொகுப்பு (பரிவர்த்தனை) முழுமையானது என்று சொல்லும் கமிட் தொகுதி. அது வட்டில் பதிந்த பிறகுதான் மாற்றங்கள் தத்தம் இடங்களுக்குப் போகும். கணினி மறுபடி இயங்கும்போது, கமிட் தொகுதி உள்ள பரிவர்த்தனைகளை அது திரும்ப எழுதும். கமிட் இல்லாததைத் தொடாமல் விட்டுவிடும். கரண்ட் வந்து சில நொடிகளில் உங்கள் கணினி தயாராவது இதனால்தான். ஜர்னல் இல்லாத எக்ஸ்ட்2இல் முழு வட்டையும் ஓர் இடம் விடாமல் சோதிக்கவேண்டியிருந்தது.

இனி உங்கள் பில்லுக்கு வருவோம். எக்ஸ்ட்4 வழமையாக இயங்குவது 'ஆர்டர்ட்' முறையில். தரவு ஜர்னலுக்குள் போகாது. இடம் ஒதுக்கப்பட்ட தரவு வட்டுக்குப் போனபின்தான் அதற்குரிய கமிட் எழுதப்படும் என்பது மட்டுமே விதி. "இடம் ஒதுக்கப்பட்ட" என்பதில்தான் சிக்கல். வேகத்துக்காக எக்ஸ்ட்4 இடம் ஒதுக்குவதையே தள்ளிப்போடுகிறது. ஜர்னல் 5 நொடிக்கு ஒருமுறை கமிட் ஆகும். நினைவகத்தில் கிடக்கும் தரவோ, யாரும் அவசரப்படுத்தாவிட்டால், 30 நொடி வரை அங்கேயே இருக்கலாம். ஆக, பெயர் 5 நொடிக்குள் வட்டுக்குப் போய்விடும், உள்ளடக்கம் பிறகு போகும். அந்த இடைவெளியில் கரண்ட் போனால் கிடைப்பது பூச்சிய அளவுக் கோப்பு.

முறையான தீர்வு பில் மென்பொருளை எழுதியவரிடம் இருக்கிறது. அதே அடைவில் தற்காலிகப் பெயரில் கோப்பை எழுதவேண்டும். அதன்மேல் எஃப்சிங்க் (தரவை உடனே வட்டில் பதியச் சொல்லும் கட்டளை) அழைக்கவேண்டும். அது வெற்றியோடு திரும்பிய பிறகே உண்மையான பெயருக்கு மாற்றவேண்டும். பின் அந்த அடைவின்மேலும் ஒருமுறை எஃப்சிங்க். பெயர் மாற்றத்தை எஃப்சிங்குக்கு முன் செய்வதும், அடைவை மறப்பதும் அடிக்கடி நடக்கும் பிழைகள். அச்சுப்பொறிக்குப் பில்லை அனுப்புவது இவை எல்லாம் முடிந்த பின்னாக இருக்கட்டும். அப்போது வாடிக்கையாளர் கையில் உள்ள ஒவ்வொரு பில்லும் வட்டிலும் இருக்கும்.

மென்பொருளை மாற்ற வழியில்லை என்றால், வட்டின் எந்தப் பிரிவை எப்படி இணைப்பது என்று குறிக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் அந்தப் பிரிவுக்கான விருப்பங்களில் 'நோடெல்அலாக்' என்பதைச் சேர்க்கச் சொல்லுங்கள். எழுதும்போதே இடம் ஒதுக்கப்படும். அதனால் ஆர்டர்ட் விதி அந்தத் தரவையும் கட்டுப்படுத்தும். இழப்பு கடைசி 5 நொடி அளவுக்குச் சுருங்கும். வேகம் சற்றுக் குறையும். பில் எழுதும் கணினிக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

கேள்வி: விண்டோஸில் எங்கள் கணக்கு மென்பொருள் மெதுவாக ஓடுகிறது. டிவைஸ் மேனேஜரில் வட்டின் 'பாலிசிஸ்' பகுதியில் ரைட்-கேஷ் ஃபிளஷிங்கை நிறுத்தும் பெட்டியில் சரி போட்டால் வேகம் கூடும் என்கிறார்கள். போடலாமா?
– நெல் ஆலை உரிமையாளர், தம்பலகாமம்

பதில்: போடாதீர்கள். வேகம் கூடும் என்பது உண்மை. அந்த வேகத்துக்கு விலை உங்கள் கணக்கு.

வட்டுக்குள்ளேயும் ஒரு நினைவகம் உண்டு. தரவு அங்கே வந்ததுமே வட்டு "எழுதிவிட்டேன்" என்று சொல்லிவிடும், ஆனால் கரண்ட் போனால் அதில் உள்ளதும் போகும். போதாக்குறைக்கு, அதிலிருப்பதை வட்டு தனக்கு வசதியான வரிசையில்தான் தகட்டில் எழுதும். ஆகவே கமிட் தொகுதி முதலிலும் அது உறுதிசெய்யவேண்டிய தரவு பின்னாலும் போய்ச்சேரலாம். இதைத் தடுக்க இயங்குதளம் 'ஃபிளஷ்' கட்டளை அனுப்பி, உள்ளே இருப்பது எல்லாம் பதிந்த பின்னரே கமிட்டை எழுதுகிறது. நீங்கள் சொல்லும் பெட்டி நிறுத்துவது அந்தக் கட்டளையைத்தான். பிறகு ஜர்னல் இருந்தும் அதன் வரிசைக்கு உத்தரவாதம் இல்லை; கரண்ட் போனால் கடைசிப் பதிவுகள் மட்டுமல்ல, முழுத் தரவுத்தளமே சிதையலாம். லினக்ஸில் 'நோபேரியர்' என்ற விருப்பமும் இதே ஆபத்துத்தான்.

உங்கள் வட்டு உண்மை சொல்கிறதா என்று ஒரு கணக்கால் பார்க்கலாம். 7200 சுற்று ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 120 தடவை சுற்றும். ஒரு சுற்றுக்கு சுமார் 8.3 மில்லி நொடி. ஒரே கோப்பின் ஒரே இடத்தில் எழுதி எழுதி ஒவ்வொரு முறையும் எஃப்சிங்க் செய்தால், அடுத்த எழுத்துக்கு அதே இடம் ஊசிக்குக் கீழே சுற்றி வரவேண்டும். எனவே நொடிக்கு 120ஐத் தாண்ட முடியாது, ஜர்னல் வேலையும் சேர்வதால் இன்னும் குறையும். சோதனை மென்பொருள் ஆயிரக்கணக்கில் காட்டினால் நடுவில் ஏதோ ஒன்று பொய் சொல்கிறது. அது வட்டாக இருக்கலாம், யுஎஸ்பி உறையாக இருக்கலாம், யாரோ மாற்றிவைத்த அமைப்பாகவும் இருக்கலாம்.

வேகம் வேண்டுமானால் பணத்தைச் சரியான இடத்தில் போடுங்கள்: மின்தடைப் பாதுகாப்புள்ள எஸ்எஸ்டி. அதன் பலகையில் உள்ள மின்தேக்கிகள், கரண்ட் போன பின்னும் உள் நினைவகத்தில் இருப்பதை எழுதி முடிக்கும் அளவுக்கு மின்சாரம் வைத்திருக்கும். சர்வர்களுக்கான எஸ்எஸ்டிகளில் இது பொதுவாக இருக்கும், சாதாரண மடிக்கணினி எஸ்எஸ்டிகளில் அநேகமாக இராது. வாங்குமுன் விவரத்தாளில் பாருங்கள். யுபிஎஸ் அவசியம்தான், ஆனால் அதை யுஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்து, மின்கலம் தீருமுன் கணினி தானே நிற்கும்படி அமைத்தால்தான் பயன். இணைக்காத யுபிஎஸ் கரண்ட் போவதைச் சில நிமிடம் தள்ளிப்போடும், அவ்வளவே.

கேள்வி: மாணவர் புள்ளிகளை வைத்திருக்கும் மென்பொருளின் எஸ்கியூலைட் கோப்பை ஒவ்வொரு மாலையும் பென் டிரைவில் நகல் எடுக்கிறோம். அதை இன்னொரு கணினியில் திறந்தால் அன்றைய புள்ளிகள் இல்லை.
– தனியார் கல்வி நிலையம், மூதூர்

பதில்: எஸ்கியூலைட் என்பது தரவுத்தளத்தைச் சாதாரணக் கோப்பாக வைத்திருக்கும் மென்பொருள். உங்களுடையது 'வால்' (WAL: மாற்றங்களை முதலில் தனிப் பதிவில் எழுதும்) முறையில் இயங்குகிறது. இதில் புதிய பதிவுகள் நேரே தரவுத்தளக் கோப்புக்குப் போவதில்லை. பக்கத்தில் 'வால்' என்று முடியும் பெயருள்ள கோப்பின் கடைசியில் சேர்கின்றன. அது 1000 பக்கம் நிரம்பும்போது, பக்கம் 4096 பைட் என்றால் சுமார் 4 மெகாபைட்டில், முதன்மைக் கோப்புக்கு மாற்றப்படும். ஒரு நாள் புள்ளிகள் அந்த அளவைத் தொட்டிருக்காது. நீங்கள் எடுத்தது முதன்மைக் கோப்பை மட்டும்.

அந்தக் கணினியில் திறந்திருக்கும் மென்பொருளை எல்லாச் சாளரங்களிலும் முறையாக மூடினால் மிச்சமும் உள்ளே போய், அந்தத் துணைக் கோப்பு மறைந்துவிடும். அதன்பின் நகல் எடுங்கள். மூட முடியாவிட்டால் எஸ்கியூலைட்டின் 'பேக்கப்' கட்டளையைப் பயன்படுத்தவேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது கோப்பைச் சும்மா இழுத்துப் போட்டால் பாதி பழையது, பாதி புதியது என்று கிடைக்கலாம். துணைக் கோப்பைக் "குப்பை" என்று அழித்துவிடாதீர்கள். அதில் இருப்பது அன்றைய புள்ளிகள்தான்.

பென் டிரைவில் இருப்பது ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் கோப்பு முறைமையாக இருக்கும். இரண்டிலும் ஜர்னல் இல்லை. 'எஜெக்ட்' கொடுத்துச் செய்தி வந்த பின்னே கழற்றுங்கள்.

கேள்வி: விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸில் ஜர்னல் இருப்பதால் பேக்கப் வேண்டாம்தானே?
– வாசகி, கிண்ணியா

பதில்: வேண்டும். விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ்ஸும் தன் பதிவில் கட்டமைப்பு மாற்றங்களையே எழுதுகிறது. தவறுதலாக அழித்த கோப்பின் அழிப்பையும் அது ஒழுங்காகப் பதிந்து நிறைவேற்றும்.

கேள்வி: எஃப்சிங்க் பிழையைத் திருப்பினால், வெற்றி கிடைக்கும்வரை மறுபடி அழைக்கும்படி நிரல் எழுதியிருக்கிறேன். சரியா?
– மாணவி, திருகோணமலை வளாகம்

பதில்: சரியில்லை. லினக்ஸில் எழுத முடியாமற்போன நினைவகப் பக்கத்தைப் பல கோப்பு முறைமைகள் "எழுதவேண்டியது" என்ற பட்டியலிலிருந்து நீக்கிவிடும். இரண்டாவது அழைப்பு எழுத எதுவும் இல்லாததால் வெற்றி என்று திரும்பும். தரவு வட்டில் இருக்காது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் குழுவினர் 2018இல் இதைக் கண்டபின் தங்கள் தரவுத்தளத்தையே மாற்றினார்கள்: எஃப்சிங்க் தோற்றால் அது தன்னை நிறுத்திக்கொண்டு, தன் பதிவிலிருந்து மாற்றங்களை மீண்டும் எழுதும். நீங்களும் முதல் பிழையிலேயே நிறுத்துங்கள். மூலத்தரவு உங்களிடம் இருந்தால் புதுக் கோப்பில் முதலிலிருந்து எழுதுங்கள். கர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) தரும் செய்திகளில் அந்த வட்டைப் பற்றி உள்ளீட்டு, வெளியீட்டுப் பிழை தெரிந்தால் நிரலைத் திருத்துமுன் வட்டை மாற்றுங்கள்.