பதில்: பவர்சேர் ஃபுட்பாலில் (மோட்டார் சக்கர நாற்காலியில் அமர்ந்து ஆடும் கால்பந்து) மகனின் நாற்காலியைப் பின்னாலிருந்து இடிக்கிறார்கள், கோச் "விளையாட்டுன்னா அப்படித்தான்" என்கிறார்

அக்கா, கோச் சொல்வது தவறு. பந்துக்காகப் போராடும்போது நாற்காலிகள் லேசாக உரசுவது சகஜம்தான், ஆனால் பந்தே இல்லாத இடத்தில் வேகமெடுத்து வந்து முதுகுப் பக்கம் மோதுவது ஃபவுல், பலமாக மோதினால் அட்டையே காட்டலாம். தசைநார் தேய்வு உள்ள பையன், கழுத்து தாங்காது என்று வேறு எழுதியிருக்கிறீர்கள், படித்ததும் மனசு பதறியது.

முதலில் வேகத்தைக் கேளுங்கள். மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் எந்த நாற்காலியும் ஓடக்கூடாது, ஆட்டத்துக்கு முன் சோதிக்க வேண்டும், சந்தேகம் வந்தால் நடுவர் நடுவிலும் சோதிக்கலாம். பயிற்சியில் இதை யாரும் பார்ப்பதில்லை, அடிபடுவது அங்கேதான்.

இடுப்பு பெல்ட் கட்டாயம். தலைத்தாங்கி இல்லாமல் இனி ஒருநாள்கூடப் பையனைக் களத்தில் இறக்காதீர்கள், மருத்துவரிடம் கழுத்தைக் காட்டிவிட்டு அப்புறம் ஆடட்டும். முன்னால் மாட்டும் கால் காப்பில் கூர்முனை இருக்கிறதா என்று எல்லா நாற்காலியிலும் தடவிப் பாருங்கள்.

அப்புறம், "சக ஆட்டக்காரருக்கு உதவிக்குப் போனால் விசில் ஊதுகிறார்கள்" என்றீர்களே, அது சரியான விசில்தான். எதிரணி ஆள் பந்துக்கு 3 மீட்டருக்குள் இருக்கும்போது நம் பக்கம் ஒருவர்தான் அந்த வட்டத்துக்குள் ஆடலாம், தன் கோல் பகுதியில் நிற்கும் கோல்கீப்பருக்கு மட்டும் விலக்கு. நெரிசலில் நாற்காலிகள் சிக்கிக்கொள்ளாமல் இருக்கத்தான் இது, இதைப் பையனுக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள்.