பவர்ஷெல் திறந்தவுடனே எல்லாம் லோட் ஆகணுமா?

கேள்வி: டொமைன் யூசர், மெயில்பாக்ஸ், வெர்ச்சுவல் மெஷின் மூணும் என் பொறுப்புதான். ஆக்டிவ் டைரக்டரி, எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன், பவர்சிஎல்ஐ (விஎம்வேர் மெஷின்களுக்கானது) மூணு மாட்யூலையும் (கமாண்ட் தொகுப்பு) பவர்ஷெல் ப்ரொஃபைல்ல, அதாவது விண்டோஸ்ல கமாண்ட் அடிக்கற பவர்ஷெல்லைத் திறக்கும்போதெல்லாம் தானா ஓடற ஸ்கிரிப்ட்ல, இம்போர்ட் பண்ணி வெச்சேன், இப்ப ப்ராம்ப்ட் வரவே ரொம்ப நேரமாகுது, வீட்டுலேர்ந்து திறந்தா மஞ்சள் கலர்ல வார்னிங் வேற. என்ன பண்றது?

பதில்: முதல்ல அந்த மூணு இம்போர்ட் லைனையும் எடுத்துடுங்க. 2012-ல வந்த பவர்ஷெல் 3.0-லேர்ந்தே, மாட்யூல் அதுக்குரிய ஃபோல்டர்ல இருந்தா, அதுல இருக்கற ஒரு கமாண்டை அடிச்சாலே தானா லோட் ஆயிடும். இது தெரியாம நிறைய பேர் பழைய வழக்கத்துல இம்போர்ட் போட்டுட்டே இருக்காங்க.

அந்த வார்னிங் ஆக்டிவ் டைரக்டரி மாட்யூலோடதாதான் இருக்கும். அது லோட் ஆகும்போதே ஏடி-ன்னு ஒரு டிரைவ் உருவாக்க டொமைன் கன்ட்ரோலரை (ஆபீஸ் நெட்வொர்க்ல யூசர் கணக்குகளைப் பாத்துக்கற சர்வர்) தேடும், விபிஎன் போடாம வீட்டுல இருந்தா அது எங்க கிடைக்கும்? ப்ரொஃபைல்ல ஏடிபிஎஸ்_லோட்டிஃபால்ட்டிரைவ்ங்கற என்விரான்மென்ட் வேரியபிளுக்கு 0 குடுத்துடுங்க, தேடாது.

மத்த ரெண்டுக்கும் ஆளுக்கொரு சின்ன ஃபங்ஷன் எழுதுங்க. 'மெயில்'னு அடிச்சா கனெக்ட்-எக்ஸ்சேஞ்ச்ஆன்லைன் ஓடணும், 'விஎம்'னு அடிச்சா கனெக்ட்-விஐசர்வர் ஓடணும், அவ்வளவுதான், பவர்சிஎல்ஐ-ல முழு மூட்டையையும் இழுக்காம விஎம்வேர்.விம்ஆட்டோமேஷன்.கோர் மட்டும் இம்போர்ட் பண்ணினாலே தினசரி வேலைக்குப் போதும். பாஸ்வேர்டை மட்டும் தயவுசெஞ்சு அதுல எழுதாதீங்க, ப்ரொஃபைல்ங்கறது அந்த ஃபோல்டர்க்குள்ள போக முடிஞ்சவங்க திறந்து படிக்கற சாதா டெக்ஸ்ட் ஃபைல், பாஸ்வேர்டைப் பத்திரமா வெக்கறதுக்குன்னே சீக்ரெட்மேனேஜ்மென்ட் மாட்யூல் இருக்கு.

பவர்ஷெல் 5.1, 7 ரெண்டும் வெச்சிருந்தா ப்ரொஃபைலும் ரெண்டு, டாக்குமென்ட்ஸ்ல ஒண்ணு விண்டோஸ்பவர்ஷெல் ஃபோல்டர்ல, இன்னொண்ணு பவர்ஷெல் ஃபோல்டர்ல. அதனால ஃபங்ஷன்களைத் தனி ஃபைல்ல வெச்சு ரெண்டு ப்ரொஃபைல்லேர்ந்தும் கூப்பிடுங்க. கூப்பிடும்போது ஒரு புள்ளி, ஒரு ஸ்பேஸ், அப்புறம் ஃபைலோட பாத். புள்ளியை விட்டுட்டா ஸ்கிரிப்ட் எரர் இல்லாம ஓடி முடியும், ஆனா ஃபங்ஷன் ஒண்ணுகூட மிஞ்சாது, காரணம் தெரியாம மண்டை காயும்.

இன்னும் ஸ்லோவா தெரிஞ்சா மைனஸ் நோப்ரொஃபைல் (ப்ரொஃபைலை ஓட்டாம திறக்கற ஆப்ஷன்) போட்டு திறந்து பாருங்க, அப்ப வேகமா வந்தா பிரச்னை ப்ரொஃபைல்லதான். பவர்ஷெல் 7-ல ப்ரொஃபைல் லோட் ஆக 500 மில்லிசெகண்டைத் தாண்டினா எவ்வளவு நேரம் எடுத்துச்சுன்னு அதுவே சொல்லிடும். ஷெட்யூல்டு டாஸ்க்ல ஓடற ஸ்கிரிப்டுக்கும் நோப்ரொஃபைல் கட்டாயம் போடுங்க, அதுக்கு வேண்டிய மாட்யூலை அந்த ஸ்கிரிப்ட்லயே இம்போர்ட் பண்ணிக்கோங்க.