குட்டை ஸ்கேல் நைலான் கிட்டார்: விரலால் வாசிக்க எதைப் பார்த்து வாங்குவது?

ஸ்கேல் என்றால் நட்டுக்கும் (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் சிறு கட்டை) பிரிட்ஜுக்கும் (கிட்டாரின் உடலில் தந்திகளைத் தாங்கும் கட்டை) இடையே தந்தி அதிரும் நீளம். முழு அளவு கிளாசிக்கல் கிட்டாரில் பெரும்பாலும் 650 மி.மீ.; 580 எல்லாம் குட்டை. கயிறு குட்டையான ஊஞ்சல் வேகமாக ஆடுமில்லையா, குட்டைத் தந்தியும் அப்படித்தான். பழைய சுருதிக்கே இறக்க அதைத் தளர்த்த வேண்டும்: 580-இல் இழுவிசை ஏறக்குறைய 20 சதவீதம் குறைகிறது. இடக்கைக்குச் சுகம். ஆனால் தடித்த தந்தி தொளதொளத்து, கட்டைவிரலால் மீட்டும்போது ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) பட்டு இரையும். ‘ஹை டென்ஷன்’ (இழுவிசை கூடுதலான) தந்தி போட்டால் பெருமளவு சரியாகும்.

நான் முதலில் பார்ப்பது நட்டின் அகலம், 48 மி.மீ.க்குக் கீழே போனால் இடக்கை விரல்கள் முட்டிக்கொள்ளும். மேற்பலகை ஒட்டுப்பலகையாக இல்லாமல் முழுமரமாக இருக்கட்டும். 12-ஆம் ஃபிரெட்டில் அழுத்தி வரும் சுரமும், அங்கேயே லேசாகத் தொட்டு எழுப்பும் சுரமும் ஒத்துப்போகிறதா என்றும் கேளுங்கள்.

குட்டை என்றாலே சிறுவர் கிட்டார் என்பது தவறு. கை சிறிதான பெரியவர்களுக்கென்றே 630, 640 அளவுகளில் தரமான கச்சேரி கிட்டார்கள் செய்கிறார்கள்.