எம்.பி. ஆக என்ன படித்திருக்க வேண்டும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் எம்.பி.க்களின் சம்பளம் பற்றி ஒரு கேள்விக்குப் பதில் எழுதினேன். அதைப் படித்துவிட்டு நாடாளுமன்றத்துக்கு யார் போகலாம், யார் போகமுடியாது, எத்தனை இடம், அதை யார் தீர்மானிப்பது என்று நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். அதனால் இந்த முறை முழுக்க அதே விஷயம்தான்.

என் மகளுக்கு 22 வயது. எம்.பி. தேர்தலில் நிற்கவேண்டும் என்கிறாள். "கிளார்க் வேலைக்கே டிகிரி கேட்கிறார்கள், சட்டம் போடுகிறவருக்குப் படிப்பே வேண்டாமா?" என்று என் கணவர் கேட்கிறார். இரண்டு பேருக்கும் என்ன சொல்வது?
(விருதுநகர் வாசகி)

மகளிடம் இன்னும் மூன்று வருஷம் பொறுக்கச் சொல்லுங்கள். அரசியலமைப்பின் 84ஆவது பிரிவு கேட்பது இந்தியக் குடியுரிமை, ஓர் உறுதிமொழி, வயது, இவ்வளவுதான். மக்களவைக்கு 25, மாநிலங்களவைக்கு 30. வேட்புமனு பரிசீலனை நடக்கும் நாளில் அந்த வயது நிரம்பியிருக்க வேண்டும். 2024இல் உத்தரப்பிரதேசத்தின் கௌசாம்பி தொகுதியில் புஷ்பேந்திர சரோஜ் 25 வயதிலேயே ஜெயித்து மக்களவைக்குள் போனார்.

உங்கள் கணவரின் ஆதங்கம் ரொம்பப் பழையது. அரசியல் நிர்ணய சபையின் தலைவராக இருந்த ராஜேந்திர பிரசாத்துக்கே அது இருந்தது. 1949 நவம்பர் 26, அரசியலமைப்பை ஏற்றுக்கொண்ட அன்று, தன் கடைசி உரையில் அவர் இரண்டு குறைகளைச் சொன்னார். சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் தகுதி எதுவும் வைக்கவில்லையே என்பது ஒன்று, அரசியலமைப்பை ஓர் இந்திய மொழியில் எழுதமுடியவில்லையே என்பது இன்னொன்று. ஆனாலும் சபை படிப்புத் தகுதி வைக்கவில்லை, வைக்காததுதான் சரி என்பேன். 1951 கணக்கெடுப்பில் எழுதப்படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தான். படிப்பு வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் மீதி எண்பத்திரண்டு பேர் ஓட்டுப் போடலாம், நிற்க மட்டும் கூடாது என்றாகியிருக்கும். நீங்கள் விருதுநகர்க்காரர், உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்ட காமராஜர் அந்த அரசியல் நிர்ணய சபையிலேயே ஓர் உறுப்பினர், அப்புறம் 1952இல் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் 1969இலும் 1971இலும் நாகர்கோவிலிலிருந்தும் மக்களவைக்குப் போனவர்.

இதில் எனக்கு வருத்தமான விஷயம் ஒன்று உண்டு. ஹரியானாவில் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கப் பொதுவாகப் பத்தாம் வகுப்பு, பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் அதைவிடக் கொஞ்சம் குறைவு என்று படிப்புத் தகுதி வைத்துச் சட்டம் போட்டார்கள், 2015இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆக, நாட்டுக்கே சட்டம் போடப் படிப்பு வேண்டாம், ஊர்க் குழாயடிப் பிரச்சினையைத் தீர்க்கப் படிப்பு வேண்டும். பள்ளிக்கூடம் எட்டாத இடத்தில் வளர்ந்தவர்களைத் தண்டிக்கிற சட்டம் அது.

உறுதிமொழி பற்றியும் ஒரு வார்த்தை. நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று மனுப்போடும்போதே வேட்பாளர் உறுதி எடுக்கவேண்டும் என்பது முதலில் கிடையாது. 1963இல் 16ஆவது திருத்தத்தில் வந்தது. திராவிட நாடு கோரிக்கை சூடாக இருந்த காலம் அது, அந்த வரி நம் பக்கத்தை மனதில் வைத்து எழுதியதுதான்.

நான் திருநெல்வேலிக்காரன். டெல்லியிலோ காசியிலோ போய் நிற்க முடியுமா?
(பாளையங்கோட்டை வாசகர்)

தாராளமாக. இந்தியாவில் ஏதாவது ஒரு மக்களவைத் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால் போதும். முன்மொழிகிறவர்தான் நீங்கள் நிற்கிற தொகுதியின் வாக்காளராக இருக்கவேண்டும், அங்கீகாரம் பெற்ற கட்சி என்றால் ஒருவர், சுயேச்சை என்றால் பத்துப் பேர். டெபாசிட் 25,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அதில் பாதி. செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் திரும்ப வராது. 1996க்கு முன்னால் 500 ரூபாய்தான் இருந்தது. அந்த வருஷம் நல்கொண்டா மக்களவைத் தொகுதியில் 480 பேரும், நம் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேரும் நின்று வாக்குச்சீட்டையே புத்தகமாக அச்சடிக்க வேண்டிவந்தது. மொடக்குறிச்சியில் நின்றவர்கள் பெரும்பாலும் தங்கள் குறையைச் சொல்ல வேறு வழி தெரியாத விவசாயிகள். அதற்கப்புறம்தான் தொகையும் முன்மொழிகிறவர்கள் எண்ணிக்கையும் ஏறியது.

மாநிலங்களவைக்கு 2003 வரை, எந்த மாநிலத்திலிருந்து போகிறோமோ அந்த மாநிலத்தில் வாக்காளராக இருக்கவேண்டும் என்று விதி. அதை எடுத்துவிட்டார்கள். பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் வழக்குப் போட்டார், 2006இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதனால்தான் ப.சிதம்பரம் 2016இல் மகாராஷ்டிராவிலிருந்தும், எல்.முருகன் 2021இல் மத்தியப்பிரதேசத்திலிருந்தும் போகமுடிந்தது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மாநிலங்களின் குரலுக்கென்று ஓர் அவையை வைத்துவிட்டு, அந்த மாநிலத்தில் ஒரு வீட்டு முகவரிகூட வேண்டாம் என்றால் அந்த அவை எதற்கு?

என் நண்பரின் வேட்புமனுவைச் சின்னக் குறை சொல்லித் தள்ளிவிட்டார்கள். உடனே ஹைகோர்ட் போனால், தேர்தல் முடிந்தபிறகு வா என்கிறார்கள். அதற்கப்புறம் போய் என்ன பயன்?
(நாமக்கல் வாசகர்)

இந்தக் கேள்வி நாமக்கல்லிலிருந்து வந்ததுதான் எனக்கு ஆச்சரியம். ஏனென்றால் இந்த விதிக்கு நாடு முழுக்க மேற்கோள் காட்டுகிற வழக்கே உங்கள் ஊர் வழக்கு. 1951 நவம்பரில், சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலில், அப்போதைய சேலம் மாவட்டத்தின் நாமக்கல் சட்டமன்றத் தொகுதிக்கு என்.பி.பொன்னுசாமி மனுப்போட்டார், தேர்தல் அதிகாரி தள்ளிவிட்டார். அவர் சென்னை உயர் நீதிமன்றம் போனார், நடக்கவில்லை, உச்ச நீதிமன்றம் போனார். 1952 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. அரசியலமைப்பின் 329ஆவது பிரிவில் 'தேர்தல்' என்று சொல்லியிருப்பது ஓட்டுப்போடுகிற ஒரு நாளை மட்டும் அல்ல, அறிவிக்கை வருவதிலிருந்து முடிவு அறிவிப்பது வரை எல்லாமே தேர்தல்தான், நடுவில் எந்தக் கோர்ட்டும் புகுந்து நிறுத்தமுடியாது, முடிந்தபிறகு தேர்தல் மனு போட்டுக்கொள் என்றார்கள்.

காரணம் புரிகிற காரணம்தான். ஒவ்வொரு தொகுதியிலும் ஒருவர் ஒரு தடையுத்தரவு வாங்கிவந்தால் தேர்தலே நடக்காது, பழைய அரசு உட்கார்ந்தே இருக்கும். ஆனால் இந்த நியாயம் நிற்கவேண்டுமானால் பின்னால் போடுகிற மனு சீக்கிரம் முடியவேண்டும், அங்கேதான் நம் அமைப்பு தோற்கிறது. முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மனு போடவேண்டும், ஆறு மாதத்துக்குள் முடிக்க முயலவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியில் 2016இல் 49 வாக்கு வித்தியாசம், தோற்றவர் மனுப்போட்டார். தபால் ஓட்டுகளை மறுபடி எண்ணச்சொல்லி 2019 அக்டோபரில்தான் உத்தரவு வந்தது, எண்ணியும் முடித்தார்கள், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடைபோட்டது, பிறகு 2021இல் அடுத்த தேர்தலே வந்துவிட்டது. அந்த ஐந்து வருஷத்தை யார் திருப்பித் தருவார்கள்?

ஆகவே உங்கள் நண்பர் அடுத்த முறை செய்யவேண்டியது முன்ஜாக்கிரதைதான். கடைசி நாள் மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னால் போய் நிற்கவேண்டாம். உறுதிமொழியைப் பரிசீலனை நாளுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும், அன்றைக்குப் போய் எடுத்தால் செல்லாது. முன்மொழிகிறவர்கள் நம்பிக்கையான ஆட்களாக இருக்கட்டும். 2017இல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு போனது எப்படி? முன்மொழிந்ததாகச் சொன்ன இரண்டு பேர் அது எங்கள் கையெழுத்தே இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் புதுக்கோட்டைக்கு ஒரு எம்.பி. இருந்தார், இப்போது தொகுதியே இல்லை. தமிழ்நாட்டுக்கும் 41 இருந்தது 39 ஆகிவிட்டது என்கிறார்கள். இதையெல்லாம் யார், எந்த அதிகாரத்தில் செய்கிறார்கள்?
(புதுக்கோட்டை வாசகர்)

உங்கள் கோபம் நியாயமானது. 2008இல் தொகுதி எல்லைகளை மாற்றி வரைந்த மறுவரையறையில் புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளைப் பிய்த்து நான்கு எம்.பி.க்களிடம் கொடுத்தார்கள். புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சிக்கு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு, விராலிமலை கரூருக்கு. ஒரு மாவட்டத்துக்காரர் ரயில் கேட்டு மனு கொடுக்க நான்கு பேரைத் தேடவேண்டும். செய்தது மறுவரையறை ஆணையம். அதன் உத்தரவைக் கோர்ட்டில் கேள்வி கேட்கக்கூடாது என்பதும் அதே 329ஆவது பிரிவில் இருக்கிறது.

மாநிலத்தின் எண்ணிக்கை வேறு கதை. 81ஆவது பிரிவு, மாநிலத்தின் மக்கள்தொகைக்கும் இடங்களுக்கும் உள்ள விகிதம் முடிந்தவரை எல்லா மாநிலத்துக்கும் ஒன்றாக இருக்கவேண்டும் என்கிறது. 82ஆவது பிரிவு, ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பிறகும் அதைச் சரிசெய் என்கிறது. 1962 தேர்தலில் 41 இடங்கள் இருந்த நமக்கு 1961 கணக்கெடுப்புக்குப் பிறகு, 1967இல், 39 ஆனது. குடும்பக் கட்டுப்பாட்டைக் கேட்டு நடந்த மாநிலங்கள் இடம் இழக்கக்கூடாது என்றுதான் 1976இல் 42ஆவது திருத்தத்தில் 1971 கணக்கோடு எண்ணிக்கையை உறையவைத்தார்கள், 2001இல் 84ஆவது திருத்தம் 2026க்குப் பின் எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை அதை நீட்டியது. அதனால் 2008இல் எல்லைக்கோடு மட்டும் மாறியது, மொத்தம் 39 அப்படியே இருந்தது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் நேர்மையாகப் பார்க்கவேண்டும். 2011 கணக்குப்படி நம் எம்.பி. ஒருவருக்குச் சுமார் 18.5 லட்சம் பேர், கேரளத்தில் அதைவிடக் குறைவு, பீகாரில் 26 லட்சம். பீகார்க்காரர் என் ஓட்டு மட்டும் ஏன் இளைத்தது என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. ஆனால் மத்திய அரசு சொன்ன திட்டத்தைச் சொன்னபடி நிறைவேற்றிய மாநிலத்தின் குரலைக் குறைப்பதற்கு அது பதில் ஆகாது. 2021இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதையே கேட்டது. 1967 முதல் 14 தேர்தல், தேர்தலுக்கு இரண்டு எம்.பி., ஆக 28 பேர், ஆளுக்கு 200 கோடி வைத்தாலும் 5,600 கோடி, இதை ஏன் தமிழ்நாட்டுக்குத் தரக்கூடாது என்று. பணத்தை விடுங்கள். 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. இரண்டு எம்.பி. என்பது அவ்வளவு பெரிய விஷயம்.

எங்கள் எம்.பி. சபைக்கே போவதில்லை என்கிறார்கள். திரும்ப அழைக்க வழி உண்டா?
(திண்டிவனம் வாசகர்)

மக்கள் திரும்ப அழைக்க வழி இல்லை. அனுமதி இல்லாமல் 60 நாள் எல்லாக் கூட்டத்துக்கும் வராவிட்டால் அந்த இடத்தைக் காலி என்று சபை அறிவிக்கலாம், இது 101ஆவது பிரிவு. 'லாம்'தான், கட்டாயம் இல்லை. தொடர்ந்து நான்கு நாளுக்கு மேல் சபை ஒத்திவைத்திருந்தால் அந்த நாட்கள் கணக்கில் சேராது. நடுவில் ஒரு நாள் தலைகாட்டிவிட்டுப் போனாலும் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்துதான். ஐந்து வருஷம் காத்திருப்பதைத் தவிர உங்கள் கையில் வேறு எதுவும் இல்லை என்பது எனக்கும் பிடிக்காத பதில்தான்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. லீவு போட்டுவிட்டு நிற்கலாமா?
(தருமபுரி வாசகி)

கூடாது. ராஜினாமா செய்து, அது ஏற்கப்பட்ட பிறகே மனுப்போட முடியும். அரசிடம் ஆதாயம் தரும் பதவியில் இருப்பவர் உறுப்பினராக முடியாது என்கிறது 102ஆவது பிரிவு. ஆதாயத்தை வாங்கினாரா என்பதுகூடக் கேள்வி இல்லை. உத்தரப்பிரதேசத் திரைப்பட வளர்ச்சிக் கவுன்சில் தலைவர் பதவிக்காக 2006இல் ஜெயா பச்சன் மாநிலங்களவை இடத்தை இழந்தார். பணம் எதுவும் வாங்கவில்லை என்றார், வாங்கமுடியும் என்பதே போதும் என்றது உச்ச நீதிமன்றம்.

அம்மாவுக்கு 78 வயது. வாக்காளர் பட்டியலில் பெயர் தப்பாக வந்திருக்கிறது, "என் பேரு எதுக்கு, விடு" என்கிறார். விட்டுவிடலாமா?
(திருவள்ளூர் வாசகர்)

விடாதீர்கள். முதல் தேர்தலுக்குப் பட்டியல் எடுக்கப்போனபோது பீகார், ராஜஸ்தான் போன்ற இடங்களில் லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை, இன்னாருடைய மனைவி, இன்னாருடைய அம்மா என்றே எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென், சொந்தப் பெயர் இல்லாமல் பதிவு கிடையாது என்று பிடிவாதமாக நின்றார், சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர் பட்டியலிலிருந்து போனது. அத்தனை பேர் ஓட்டு இழந்தது கொடுமைதான். ஆனாலும் அடுத்த தேர்தலில் அந்தப் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லிப் பதிந்தார்கள். ஒரு பெண்ணை அரசாங்கம் அவள் பெயரால் மட்டுமே அறியும் என்ற நிலை அங்கேதான் தொடங்கியது. படிவம் 8இல் திருத்தம் கேட்கலாம், உங்கள் வாக்குச்சாவடி அலுவலரிடமே கொடுக்கலாம். அம்மாவையே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான், இந்தியப் பாஸ்போர்ட்தான். அங்கிருந்தே ஓட்டுப் போடலாமா?
(மன்னார்குடி வாசகி)

அங்கிருந்து முடியாது. படிவம் 6ஏ கொடுத்துப் பாஸ்போர்ட்டில் உள்ள மன்னார்குடி முகவரியில் பெயர் சேர்த்துக்கொள்ளலாம். ஓட்டுப் போட நேரில் வரவேண்டும், வரும்போது அசல் பாஸ்போர்ட்டை எடுத்துவரச் சொல்லுங்கள், வாக்குச்சாவடியில் அதைத்தான் கேட்பார்கள்.