அமெரிக்கா வட்டியை உயர்த்தினால் மற்ற நாடுகள் ஏன் பதறுகின்றன?

கொள்கை வட்டி என்பது, வங்கிகள் மிகக் குறுகிய காலத்துக்குப் பணம் புரட்டும்போது கொடுக்க வேண்டிய வட்டி. மத்திய வங்கியின் கையில் இருக்கும் முக்கியமான கடிவாளம் இதுதான். இது ஏறினால் வீட்டுக் கடன், தொழில் கடன் எல்லாம் பின்னாலேயே ஏறும். கடன் குறையும், செலவு குறையும், விலை ஏறும் வேகமும் தணியும்.

சிக்கல் என்னவென்றால், பலன் உடனே தெரியாது. வெந்நீர்க் குழாயைத் திருப்பிவிட்டு, சூடு வரவில்லையே என்று மேலும் திருப்புவோம். அப்புறம் திடீரென்று கொதிநீர் கொட்டும். வட்டியும் அப்படித்தான், முழு விளைவு தெரிய ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். அதற்குள் கூடுதலாகத் திருப்பிவிட்டால் மந்தநிலை.

சரி, மற்ற நாடுகளுக்கு என்ன? 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த வட்டியை அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 2023 ஜூலைக்குள் 5.25–5.50 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. அதிக வட்டி கிடைக்கும் இடத்துக்கு முதலீடு ஓடும், டாலர் வலுக்கும். கச்சா எண்ணெய் பெரும்பாலும் டாலரில்தான் விற்கப்படுகிறது, பல நாடுகளின் கடனும் டாலரில்தான். இரண்டுமே அவர்களுக்குக் கனத்துவிடும். நாணயம் சரியாமல் இருக்க, மனமில்லாவிட்டாலும் அவர்களும் வட்டியை உயர்த்த வேண்டிவரும். உலகம் முழுக்க வளர்ச்சிக் கணிப்புகள் சேர்ந்தாற்போல் இறங்குவது இப்படித்தான்.

பலர் குழம்பும் இடம் ஒன்று: அமெரிக்கப் பணவீக்கம் 2022 ஜூனில் 9.1 சதவீதம், ஒரு வருடம் கழித்து 3 சதவீதம் என்றால் பொருட்கள் மலிவாகிவிட்டன என்று அர்த்தமில்லை, விலை ஏறும் வேகம் மட்டுமே குறைந்திருக்கிறது.