பொம்மைப் படத்தில் கேமரா குதிக்காமல் நகர என்ன வழி?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருந்து எழுதுகிறேன் சார். கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எனக்குப் பிடித்த ரோபோ பாத்திரங்களை வைத்து, காசிமேடு துறைமுகம் மாதிரி ஒரு செட் போட்டு, பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து ஒவ்வொரு படமாக எடுத்துச் சேர்க்கும் ஸ்டாப் மோஷனில் ரசிகர் படம் எடுக்கிறேன். பொம்மைகள் ஓரளவு நன்றாகவே நடக்கின்றன. ஆனால் கேமராவை நகர்த்தினால் படம் குதிக்கிறது. வெடியும் லேசரும் மேலே ஒட்டவைத்த மாதிரி தெரிகின்றன. கையில் போனும் ஒரு ட்ரைபாடும்தான் இருக்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, இரண்டு பிரச்சினை என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். எந்த ஃப்ரேமில் கேமரா எங்கே நின்றது என்பதற்கு உங்களிடம் கணக்கு இல்லை. அது வந்துவிட்டால் நகர்வும் சீராகும், எஃபெக்ட்டும் செட்டுக்குள் உட்காரும்.

ட்ரைபாடைத் தள்ளித் தள்ளி எடுப்பதை முதலில் விடுங்கள். மேசை டிராயருக்குப் போடும் சேனல் ஒரு ஜோடி, பிளைவுட் துண்டு, எம்6 த்ரெட் ராடு (6 மில்லிமீட்டர் தடிமனில் முழுக்க மரை போட்ட கம்பி), அதற்கேற்ற நட்டு போதும். பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் எல்லாமே கிடைக்கும். சேனல் மேல் ஓடும் பிளைவுட்டில் போனையும் நட்டையும் பொருத்த வேண்டும். ராடு நட்டுக்குள் சுற்ற மட்டும் வேண்டும், முன்பின் போகக் கூடாது. வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் லேத் பட்டறையில் விளக்கிச் சொன்னால் செய்து கொடுத்துவிடுவார்கள். சாதாரண எம்6 மரையில் ஒரு முழுச் சுற்றுக்கு 1 மில்லிமீட்டர் நகர்வு. ராடு முனையில் வட்ட அட்டை ஒட்டி நாலு கோடு போட்டால் கால் மில்லிமீட்டர் வரை பிடிக்கலாம். நட்டில் கொஞ்சம் ப்ளே, அதாவது லேசான ஆட்டம் இருக்கும்; அதனால் எப்போதும் ஒரே பக்கமாகவே சுற்றுங்கள். ஆரம்ப இடத்துக்குத் திரும்பும்போது அதைத் தாண்டிப் பின்னால் போய், மறுபடி முன்னால் சுற்றி வந்து நிறுத்துங்கள்.

அடுத்தது வேகம். எல்லா ஃப்ரேமுக்கும் ஒரே அளவு நகர்த்தினால் ஷாட் சட்டென்று கிளம்பி சட்டென்று நிற்கும். குதிப்பது போல் தெரிவதில் பாதி இதனால்தான். நொடிக்கு 12 படம் என்று வையுங்கள். முதல் ஏழு நகர்வு கால், அரை, முக்கால், 1, 1¼, 1½, 1¾ மில்லிமீட்டர். அடுத்த 22 நகர்வும் 2 மில்லிமீட்டர். கடைசி ஏழும் முதல் வரிசையைத் தலைகீழாக. மொத்தம் 36 நகர்வு, 58 மில்லிமீட்டர், 3 நொடி. இதைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போங்கள். கேமரா வேகமாகப் போகும் ஷாட்டுக்கு மட்டும் நொடிக்கு 24 படம் எடுத்து, பொம்மையை இரண்டு படத்துக்கு ஒருமுறை அசைத்தால் போதும். கேமரா மட்டும் எல்லாப் படத்துக்கும் நகர வேண்டும்.

போனில் ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் பூட்டுங்கள். ஷட்டரை 1/25 நொடி அல்லது அதைவிட மெதுவாக வையுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும், வேகமான ஷட்டரில் அது படத்தில் மினுக்கலாக விழும். வெளி வெளிச்சமும் உங்கள் சட்டையில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் படத்துக்குப் படம் மாறாமல் இருக்க, ஜன்னலை மூடுங்கள், கறுப்புச் சட்டை போடுங்கள். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி தெருவையே அதிர வைக்கும் என்பதால் செட்டை மேசையில் இல்லாமல் தரையிலேயே போடுவது நல்லது.

சரி, எஃபெக்ட்டுக்கு வருவோம். வெடி ஒட்டவைத்த மாதிரி தெரிவதற்குக் காரணம், அதன் வெளிச்சம் பொம்மை மேல் விழாததுதான். அந்த வெளிச்சத்தை எடிட்டிங்கில் போலியாக உண்டாக்கிச் சமாளிப்பதை நான் ஒருபோதும் சிபாரிசு செய்ய மாட்டேன். வெடி வரும் ஃப்ரேம்களில் கேமரா நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு படம் எடுங்கள். ஒன்று வழக்கமான விளக்கில். மற்றொன்று அந்த விளக்கை அணைத்துவிட்டு, ஆரஞ்சு ஜெலட்டின் பேப்பர் சுற்றிய டார்ச்சை வெடி நடக்கும் திசையில் இருந்து அடித்து. எடிட்டிங்கில் இரண்டாவதை மேலே வைத்து ‘ஸ்க்ரீன்’ முறையில் (மேல் படத்தின் கறுப்பு மறைந்து, வெளிச்சம் மட்டும் கீழ்ப் படத்தோடு கூடும்) சேருங்கள். முதல் ஃப்ரேமில் முழுப் பிரகாசம், பிறகு ஏழெட்டு ஃப்ரேமில் படிப்படியாகக் குறைய வேண்டும். லேசருக்கும் இதே முறைதான், நிறம் மட்டும் வேறு. ஃபைல்களைப் பிரித்து அடுக்கும் வேலை கூடும், ஆனால் பலன் திரையில் தெரியும்.

புகைக்கு நிஜப் புகை உதவாது, படத்துக்குப் படம் தாவும். பஞ்சைக் கம்பியில் சுற்றி, உள்ளே சின்ன எல்இடி வைத்து, ஃப்ரேமுக்கு ஃப்ரேம் பிய்த்துப் பெரிதாக்குங்கள். இதைக் கறுப்புத் துணிக்கு முன்னால், அதே தூரத்தில், அதே 36 நகர்வுக் கணக்கில் தனியாக எடுத்துச் சேர்த்தால், கேமராவோடு சேர்ந்தே வெடியும் நகரும். 1970களில் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் எஃபெக்ட் நிபுணர் ஜான் டைக்ஸ்ட்ராவின் குழு டைக்ஸ்ட்ராஃப்ளெக்ஸ் என்ற கேமராவைக் கட்டியதும் இதற்காகத்தான். ஒரே நகர்வை அச்சு மாறாமல் பல தடவை ஓட்டி, தனித்தனியாக எடுத்ததை ஒன்றாக்கினார்கள். அவர்களுக்கு மோட்டார் சுற்றியது, உங்களுக்குக் கை சுற்றும்.

பறக்கும் ரோபோவுக்கும் இந்த ராடுதான் துணை. கம்பியில் நிறுத்தி எடுத்துவிட்டு, கம்பியை அழிக்கப் பின்னணி வேண்டுமே என்று நடுவில் பொம்மையைத் தூக்காதீர்கள். மறுபடி அதே இடத்தில் வைக்கவே முடியாது. ஷாட் முழுக்க முடிந்த பிறகு, விளக்கைத் தொடாமல், காலி செட்டை அதே கணக்கில் இன்னொரு தடவை எடுங்கள். எடிட்டிங்கில் கம்பி தெரியும் இடத்தை மட்டும் மாஸ்க் போட்டு வெட்டி, அங்கே அந்தக் காலிப் படத்தைக் காட்டினால் கம்பி மறைந்துவிடும். கம்பியின் நிழல் செட்டில் விழுந்திருந்தால் அதையும் அப்படியே மறைத்துவிடுங்கள், பலர் நிழலை மறந்துவிடுகிறார்கள்.