மேப்பிள் வாங்கியாச்சு, அடுத்து என்ன?

கேள்வி: ஓசூர் மத்திகிரியில் இருக்கிறேன். ஜனவரி கடைசியில் ஒரு நர்சரியில் ஜப்பானிய மேப்பிள் செடி ஒன்றை 4,800 ரூபாய்க்கு வாங்கினேன். ‘பிளட்குட்’ ரகம் என்றார்கள். இரண்டரை அடி உயரம், அடிமரம் கட்டைவிரல் தடிமன். மண்ணிலிருந்து நான்கு விரல் மேலே ஒரு புடைப்பு தெரிகிறது. இப்போது சிவப்பாகத் துளிர்த்துவிட்டது. போன்சாய் தொட்டியும் வாங்கி வைத்திருக்கிறேன். உடனே மாற்றலாமா? கொடுத்த விலை சரிதானா?

பதில்: முதலில் அந்தத் தொட்டியை எடுத்துப் பரணில் வையுங்கள். குறைந்தது மூன்று வருடத்துக்கு அதற்கு வேலை இல்லை. துளிர் விட்ட மேப்பிளின் வேரில் இப்போது கை வைத்தால், புது இலைக்குத் தண்ணீர் போய்ச் சேராமல் செடி வாடிவிடும். மாற்றுவதற்குச் சரியான நேரம், இலை உதிர்ந்து, மொட்டு லேசாக உப்பி, இன்னும் விரியாமல் இருக்கிற சில நாட்கள்தான். உங்கள் ஊரில் அது அநேகமாக அடுத்த ஜனவரி. அப்போதுகூட ஆழம் குறைந்த போன்சாய் தொட்டி வேண்டாம். வேர் தாராளமாக ஓடினால்தான் அடிமரம் பெருக்கும். சின்னத் தொட்டிக்குள் போன அன்றே தடிமன் கூடுவது கிட்டத்தட்ட நின்றுவிடும். கட்டைவிரல் தடிமனில் நிறுத்துவதற்கா இவ்வளவு செலவு செய்தீர்கள்?

இப்போது செய்ய வேண்டியது, வாங்கியது என்ன என்று பார்ப்பது. அந்தப் புடைப்பு ஒட்டுப் போட்ட இடம். சந்தூர் பக்கம் ஒட்டு மாங்கன்று வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கீழே இருப்பது விதையில் முளைத்த சாதாரண பச்சை இலை மேப்பிள், மேலே இருப்பது பிளட்குட். தோட்டத்துச் செடிக்கு ஒட்டு ஒரு குறையே இல்லை. போன்சாய்க்கு அது குறைதான். மேலும் கீழும் பட்டை ஒரே மாதிரி முதிராது, புடைப்பும் வருடா வருடம் பெருக்கும். கண் நேராக அங்கேதான் போகும். ஒட்டுக்குக் கீழே பச்சைத் துளிர் வந்தால் தயங்காமல் கிள்ளிவிடுங்கள், விட்டால் அது மேல் பாகத்தை மிஞ்சிவிடும்.

அப்புறம் வேரடி. ஒரு ஈர்க்குச்சியால் மேல் மண்ணை மெதுவாக ஒரு விரல் ஆழத்துக்கு விலக்குங்கள். அடிமரம் கீழே போகப்போக விரிந்து, நாலா பக்கமும் வேர் பிரிந்தால் நல்ல கன்று. நான் முதலில் வாங்கிய மேப்பிளில் இப்படி விலக்கியபோது, பென்சில் தடிமனில் ஒரு வேர் அடிமரத்தைக் கயிறு மாதிரி ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. அது அழுத்திய இடத்தில் பட்டை பள்ளமாகி, பள்ளத்துக்கு மேலே மரம் வீங்கியிருந்தது. மேலே இலையெல்லாம் கண்ணைப் பறிக்கும் அழகு. விற்றவர் கழுத்துவரை மண்ணை ஏற்றி வைத்திருந்ததால் வாங்கும்போது எதுவும் தெரியவில்லை. அதனால்தான் எல்லோரிடமும் சொல்கிறேன்: மேப்பிள் வாங்கும்போது இலையைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள், குனிந்து அடியைப் பாருங்கள். மண்ணை விலக்க விடாத கடையில் வாங்க வேண்டாம்.

உங்கள் செடியில் அடி சரியில்லை என்றாலும் கவலை வேண்டாம், வழி இருக்கிறது. கொய்யாவில் போடுகிற மாதிரி விண்பதியம் போடலாம். ஒட்டுக்குச் சற்று மேலே பட்டையை மோதிரம் போல உரித்து, ஈரமான பாசியை (ஸ்பாக்னம் மாஸ்) சுற்றிக் கட்டினால் இரண்டு மூன்று மாதத்தில் வேர் இறங்கும். ஜப்பானிய மேப்பிள் இதற்கு நன்றாக ஒத்துழைக்கும். புது வேருக்குக் கீழே வெட்டித் தனியாக நட்டால் ஒட்டும் போய்விடும், சுற்றிலும் புது வேரும் கிடைக்கும். ஆனால் இந்த வருடம் வேண்டாம். செடி உங்கள் வீட்டுக்குப் பழகி, அடுத்த வருடத் துளிர் முற்றிய பிறகு செய்யுங்கள்.

விலையைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன், நீங்கள் ரகத்தின் பெயருக்குப் பணம் கொடுத்திருக்கிறீர்கள். போன்சாய்க்கு என்றால், விதையில் முளைத்த, நல்ல வேரடி உள்ள பச்சை இலைக் கன்று இதைவிடக் குறைந்த விலையில் கிடைத்திருந்தாலும் மேலானது.

இனி, பிழைக்க வைப்பது. ஓசூர் கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். ஆனாலும் இது குளிர்காலத்தில் உறங்குகிற மரம். 7 டிகிரிக்கும் கீழே பல நூறு மணி நேரம் இருந்தால்தான் முழுசாக உறங்கி எழும். அந்தக் குளிர் ஓசூரில் கிடையாது. குளிர் போதாவிட்டால் ஒரு கிளை துளிர்க்கும், ஒரு கிளை மொட்டாகவே நிற்கும். வருடா வருடம் தளர்ந்துகொண்டே போகும். ரோஜா வளர்ப்பவர்களின் குளிர் அறை தெரிந்தவர் மூலம் கிடைத்தால், இலை முழுவதும் உதிர்ந்த செடியை மண் ஈரத்தோடு ஆறு வாரம் 4 டிகிரி அளவில் வைத்து எடுக்கலாம். பழம் வைக்கிற அறையாக இருக்கக் கூடாது, பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு மொட்டைக் கெடுக்கும். வெப்பமான ஊர்களில் சிலர் இதற்காகவே வீட்டு ஃப்ரிட்ஜைப் பயன்படுத்துகிறார்கள்.

வெயில் காலை ஒன்பது, ஒன்பதரை வரை போதும். பிறகு 50 சதவீத நிழல் வலை. மொட்டை மாடி வேண்டவே வேண்டாம், வெயிலைவிட அங்கே அடிக்கிற அனல் காற்றுதான் இலை ஓரத்தைக் கருக்கும். ஓரம் கருக இன்னொரு காரணம் போர் தண்ணீரின் உப்பு. முடிந்தவரை மழைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். மண் கலவைக்கு ஜப்பானிலிருந்து வரும் அகடாமா என்ற களிமண் உருண்டையைத் தேடி அலைய வேண்டாம். செங்கல் உடைசலை 3 முதல் 5 மில்லிமீட்டர் அளவுக்குச் சலித்து, தூளைத் தள்ளிவிட்டு, மட்கிய தேங்காய் நாரோடு கலந்தால் ஈரமும் நிற்கும், தண்ணீரும் வடியும். கிரானைட் சல்லி சும்மா கிடைக்கிறதே என்று போடாதீர்கள், அது ஈரத்தை உறிஞ்சி வைக்காது.

இந்த வருடம் கத்தரிக்கோல் வேண்டாம். நன்றாக வளரட்டும். அடுத்த வருடத்திலிருந்து, நீண்ட கிளையை ஒரு ஜோடி மொட்டுக்கு மேலே வெட்டினால் அங்கிருந்து இரண்டு கிளை பிரியும். கம்பி கட்டினால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். மேப்பிளின் பட்டை மெல்லியது, கம்பி பதிந்த தழும்பு பல வருடம் மறையாது.

கேள்வி: பாலக்கோட்டில் படிக்கும் மாணவன் நான். ஆன்லைனில் சிவப்பு மேப்பிள் கன்று 650 ரூபாய், நீல மேப்பிள் ‘போன்சாய் விதை’ 199 ரூபாய் என்று வாங்கினேன். விதை முளைக்கவே இல்லை. கன்று நன்றாக வளர்கிறது, ஆனால் வீட்டில் எல்லோரும் அது புளிச்சக்கீரை மாதிரி இருக்கிறது என்கிறார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: தம்பி, இலைக்காம்பைப் பாருங்கள். மேப்பிளில் இலைகள் எதிரெதிராக, ஜோடி ஜோடியாக வரும். ஒரு இலை இந்தப் பக்கம், அடுத்தது கொஞ்சம் மேலே அந்தப் பக்கம் என்று மாறி மாறி வந்தால் அது மேப்பிளே இல்லை. உங்கள் மாவட்டத்தில் மரவள்ளி இல்லாத ஊர் ஏது? அந்த இலையும் கை விரித்த மாதிரிதான் இருக்கும், ஆனால் தண்டில் மாறி மாறித்தான் வரும். சிவப்பு இலையோடு மேப்பிள் என்று விற்கப்படுவது பல நேரம் செம்பருத்தி, புளிச்சக்கீரை இனத்தைச் சேர்ந்த ஒரு செடி. வீட்டில் சொன்னது சரியாகவே இருக்கும்.

போன்சாய் விதை என்று ஒரு விதை கிடையாது. போன்சாய் என்பது வளர்க்கிற விதம், எந்த மர விதையும் சாதாரண விதைதான். நீல இலை மேப்பிள் உலகத்தில் எங்கும் இல்லை, அது கணினியில் நிறம் மாற்றிய படம். உண்மையான மேப்பிள் விதையாக இருந்தாலும் மூன்று மாதம் போல ஈரக் குளிரில் வைக்காமல் சரியாக முளைக்காது.

199 ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள். இப்படி விடுபவர்களை நம்பித்தான் அந்த வியாபாரமே நடக்கிறது. விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பில், செடியின் காம்பு தெரிகிற படம், மூன்றையும் விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நடக்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: தர்மபுரி டவுனில் இருக்கிறேன். எனக்கும் மேப்பிள் போன்சாய் ஆசை. எது வாங்கலாம்?

பதில்: வாங்க வேண்டாம். ஓசூரில் தப்பிக்கிற செடி, உங்கள் ஊர் ஏப்ரல், மே வெயிலில் தாங்காது. அங்கே நான் ஒரு செடியை இழந்திருக்கிறேன். நிழல் வலை, தினம் இரண்டு வேளைத் தண்ணீர் எல்லாம் கொடுத்தும் மே இரண்டாம் வாரத்தில் இலை முழுக்கச் சருகானது. ஜூனில் பட்டையை நகத்தால் சுரண்டியபோது உள்ளே பச்சையே இல்லை. அந்த வலி உங்களுக்கு வேண்டாம்.

புளியை எடுங்கள். சின்ன இலை, சீக்கிரமே முதுமை காட்டுகிற வெடித்த பட்டை, வெட்டினால் சளைக்காமல் துளிர்க்கிற குணம் என்று போன்சாய்க்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. வயல் வரப்பில் ஆடு கடித்துக் கடித்துக் குட்டையாகிப்போன புளியங்கன்று கிடைத்தால், நிலத்துக்காரரிடம் கேட்டு, மழைக்காலத் தொடக்கத்தில் வேர் மண்ணோடு எடுங்கள். காசு கொடுத்தாலும் கடையில் கிடைக்காத அடிமரம் அது. எடுப்பதற்கு முன்னால் ஒருமுறை பெங்களூரு லால்பாக்கில் இருக்கிற போன்சாய் தோட்டத்துக்குப் போய், ஒவ்வொரு தொட்டியிலும் வேர் மண்ணைப் பிடித்திருக்கிற இடத்தை நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.